12 டிகிரி நீரில் ஒரு வியாழக்கிழமை

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமையன்று அமெரிக்காவில் பாதிப் பேர் அடுப்பின் முன்னால் நிற்கிறார்கள். 1941-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாள் குறிக்கப்பட்ட தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அது. கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் பத்துப் பதினைந்து பேர் யாராவது ஒருவர் வீட்டில் மாலையில் கூடுவோம். மேசையின் நடுவில் வான்கோழியை மரியாதைக்கு வைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் பிரியாணி அண்டாவைக் காலி செய்வோம். பகல் முழுவதும் சமையலறையில் வேலை நடக்கும். அங்கே நான் நின்றால் உதவியைவிட இடைஞ்சலே அதிகம் என்பது வீட்டில் ஏகமனதாக முடிவு செய்யப்பட்ட விஷயம். அதனால் ஆறு ஆண்டுகளாக அந்த நாளின் காலையை நான் மான்டரே விரிகுடாவின் அடியில் கழித்து வருகிறேன்.

காலை ஆறு மணிக்குக் கிளம்புவதற்கு முன் அம்மாவைத் தொலைபேசியில் அழைப்பது வழக்கம். தூத்துக்குடியில் அப்போது இரவு ஏழரை. "எங்கய்யா கிளம்பிட்ட?" என்பார். குளிக்கப் போகிறேன் என்பேன். எங்கள் ஊரில் முத்தெடுப்பதும் சங்கெடுப்பதும் குளிப்பதுதான். முத்துக்குளித்தல், சங்குகுளித்தல் என்ற சொற்களில் இருக்கும் குளியலுக்கும் காலையில் தலைக்கு ஊற்றிக்கொள்ளும் குளியலுக்கும் அம்மாவின் காதில் பெரிய வேறுபாடு கிடையாது. "அந்தப் பச்சத் தண்ணியில என்னத்துக்குய்யா குளிக்கப் போற, சளி பிடிக்கும்லா?" என்று ஆறு ஆண்டுகளாக ஒரே கேள்வியைக் கேட்கிறார். மன்னார் வளைகுடாவின் நீர் 28 டிகிரியில் இருக்கும். அங்கே ஒருவர் வெறும் உடம்போடு இறங்கலாம். இங்கே நவம்பரில் நீர் 12 அல்லது 13 டிகிரி செல்சியஸ். குளிர்பதனப் பெட்டியில் வைத்த தண்ணீரைவிடக் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான்.

இந்தக் குளிரில் இறங்குவதற்கான ஆயத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போவது சரியாக இராது, ஏனென்றால் குளிர்நீர் முக்குளிப்பில் பாதி வேலை கரையிலேயே நடக்கிறது. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டை எடுத்துச் செல்லும். 12 டிகிரிக் காற்றில் ஒரு ஸ்வெட்டர் போதும், 12 டிகிரி நீரில் ஏழு மில்லிமீட்டர் தடிமனுள்ள நியோப்ரீன் உடை வேண்டும். அந்த ரப்பருக்குள் எண்ணற்ற சிறு வாயுக் குமிழிகள் அடைபட்டிருக்கின்றன. குளிரைத் தடுப்பவை அவைதாம். உடைக்குள் புகும் மெல்லிய நீர்ப்படலத்தை உடம்பு சூடாக்கிக்கொள்ளும், அந்த நீர் வெளியேறாமல் இருக்கும் வரையில்தான் கதகதப்பு. ஆகவே வெட்சூட் என்பது உடம்போடு ஒட்ட வேண்டும். கைகளுக்கு ஐந்து மில்லிமீட்டர் உறை, கால்களுக்குப் பூட்ஸ், தலையையும் கழுத்தையும் கவ்விக்கொண்டு முகத்தை மட்டும் வெளியே விடும் தலையுறை. இவ்வளவு ரப்பரும் மிதக்கும் என்பதால், அதைக் கீழே இழுக்க இடுப்பில் 12 கிலோ ஈயம். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ச் சங்குகுளிகாரர்கள் கல்லைக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். நான் ஈயத்தைக் கட்டிக்கொண்டு இறங்குகிறேன். அவர்களுக்கு ஒரு மூச்சு, எனக்கு முதுகில் ஒரு சிலிண்டர்.

முதல் ஆண்டு இவற்றையெல்லாம் வாடகைக்கு எடுத்திருந்தேன். பண்டிகை வார நெருக்கடியில் என் அளவு உடை தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் ஒரு சுற்றுப் பெரியதைக் கொடுத்து, பரவாயில்லை, சமாளித்துக்கொள்ளலாம் என்றார். பரவத்தான் செய்தது. ஒவ்வொரு முறை கையை நீட்டியபோதும் கழுத்து வழியாகப் புதிய குளிர்நீர் ஒரு கோடாக முதுகெலும்பில் இறங்கியது. பதினெட்டாவது நிமிடத்தில் மிதவைச் சட்டையின் பொத்தானை அழுத்தப் பார்த்தபோது விரல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் அது பொத்தானின்மேல் இருப்பதை உறுதி செய்தேன். துணைக்கு வந்தவரிடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி மேலே வந்துவிட்டோம். முக்குளிப்பில் கட்டைவிரலை உயர்த்தினால் 'நன்று' என்று பொருளில்லை, 'மேலே போவோம்' என்று பொருள். கரையில் இடுப்புப் பட்டையின் கொக்கியைக்கூட நானாகக் கழற்ற முடியவில்லை. அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்கிய முதல் பொருள், அளவெடுத்துத் தைத்த வெட்சூட்.

மான்டரேயில் நாங்கள் இறங்கும் இடத்தை எல்லாரும் பிரேக்வாட்டர் என்பார்கள். 1930-களில் துறைமுகத்தைக் காக்கக் கட்டப்பட்ட கல் அலைதாங்கி. அதன் ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் சான் கார்லோஸ் கடற்கரை. அங்கிருந்து வடமேற்காக நடந்தால் கேனரி ரோ என்ற பழைய தெரு. ஒரு காலத்தில் அந்தத் தெரு முழுவதும் சாளை மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைகள். 1940-களின் பிற்பகுதியில் சாளை அருகிப் போக, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின; கடைசி ஆலை 1973-இல் மூடிற்று. அதே இடத்தில் 1984-இல் மான்டரே மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. மீனைக் கொன்று அடைத்த இடத்தில் இன்று மீனைக் காட்டக் கட்டணம் வாங்குகிறார்கள். 1992-இல் இந்தக் கரைக்கடல் தேசியக் கடல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நாங்களோ கட்டணமே இல்லாமல், வாகன நிறுத்தத்துக்கான சில்லறையோடு, அந்தச் சரணாலயத்துக்குள் நடந்தே இறங்கிவிடுகிறோம்.

வழக்கமான சனி, ஞாயிறுகளில் இந்தக் கடற்கரையில் பயிற்சி வகுப்புகள் வரிசை கட்டி நிற்கும். பண்டிகைக் காலையில் நாலைந்து வண்டிகள் மட்டுமே இருந்தன. என் முக்குளிப்புத் துணை ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியர். வயது எழுபதை நெருங்குகிறது. பிள்ளைகள் கிழக்குக் கரையில் இருப்பதால் அவருக்கும் அந்தக் காலையில் வேறு வேலை இல்லை. இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. அவர் ஒரு பெரிய ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டு வருவார், நீரில் இறங்குவதற்குச் சற்று முன்பு என் கையுறைகளுக்குள்ளும் கழுத்து வழியாகவும் அதை ஊற்றுவார். நான் அவருக்கு ஊற்றுவேன். முதல் ஐந்து நிமிடத்துக்குத்தான் அந்தச் சூடு. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில்தான் உடம்பு முரண்டு பிடிக்கும்.

எத்தனை முறை இறங்கினாலும் முகம் நீரைத் தொடும் கணம் பழகுவதில்லை. மாஸ்குக்கும் தலையுறைக்கும் இடையே ஒரு விரல் அகலத்துக்கு நெற்றி வெளியே தெரியும். அந்த இடத்தில் குளிர் ஆணி அடித்தாற்போல் இறங்கும். மூச்சு தானாகவே மேல்நோக்கி இழுக்கும், நெஞ்சு குறுகும், சிலிண்டரின் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டு வேகவேகமாக மூச்சு விடத் தோன்றும். அப்போது அவசரப்பட்டு இறங்கக் கூடாது. மேற்பரப்பிலேயே மிதந்தபடி, முகத்தை நீருக்குள் வைத்து, மூச்சு ஒரு சீருக்கு வரும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். பிறகு குளிர்நீர் முகத்தில் பட்டதற்கு உடம்பு தரும் மறுமொழியாக இதயத் துடிப்பு மெல்லக் குறையத் தொடங்கும். சீல்களுக்கும் திமிங்கிலங்களுக்கும் மிகுதியாக வாய்த்த அந்தப் பண்பு நமக்கும் கொஞ்சம் வாய்த்திருக்கிறது. துணைவர் கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டினார், இறங்கினோம்.

நீர் பச்சை. தெளிவு ஆறு மீட்டர் இருந்தால் அதிகம். அந்தமானிலோ மாலத்தீவிலோ முப்பது மீட்டர் தொலைவு தெரியும் நீலத்தில் மூழ்கிப் பழகியவர்கள் இங்கே வந்து முதலில் முகம் சுளிப்பார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. தெளிவான நீர் என்பது பெரும்பாலும் வறிய நீர் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. வெப்பக் கடலில் சூடான மேல்நீர் ஒரு மூடியைப் போல் மிதந்துகொண்டிருக்கும். சத்துகள் கீழேயே தங்கிவிடும். மேலே மிதவை உயிர்கள் குறைவு, எனவே நீர் கண்ணாடி. இங்கே வசந்தத்திலும் கோடையிலும் வடமேற்குக் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ள, அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் நைட்ரேட் என்னும் சத்தோடு மேலே எழுகிறது. விரிகுடாவின் நடுவில், மாஸ் லேண்டிங் கரையை ஒட்டியே தொடங்கி மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போகும் ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு வேறு இருக்கிறது. அந்தச் சத்தைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள்தாம் நீரைப் பச்சையாக்கிப் பார்வையை மறைக்கின்றன. நான் பார்க்க வந்தவை யாவும், நேராகவோ சுற்றிவளைத்தோ, அந்தப் பச்சையைத் தின்றே வாழ்கின்றன. குளிரைப் பொறுத்துக்கொண்டு இந்தக் கடலைப் பார்க்கிறோம் என்று சிலர் சொல்லும்போது எனக்குள் ஒரு சிறு எரிச்சல் எழும். குளிர் இல்லையென்றால் பார்க்க இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

மணற்பரப்பில் பழைய குழாய் ஒன்று கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டே போனால் மெட்ரிடியம் தோட்டம் வரும்: வெண்மையும் இளம் பழுப்புமாக, முழங்காலுக்கு மேல் உயர்ந்து நிற்கும், பூவைப் போன்ற உயிரிகளான கடற்சாமந்திகள், பாறைக்குப் பாறை. பூத்த காலிஃபிளவரைக் காம்போடு நட்டு வைத்தாற்போல் இருக்கும். எங்கள் ஊர்க் கடற்காரர்கள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம் அன்று மெலிதாக இருந்தது, அத்தனை பூக்களும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

ஆனால் அன்றைக்கு என்னை நிறுத்திவைத்தது தோட்டம் அல்ல, அதற்குப் போகும் வழியில் ஒன்பது மீட்டர் ஆழத்து மணலில் பாதி புதைந்து கிடந்த ஒரு பழுப்புநிற பீர்ப் புட்டி. வாய்ப்பகுதியின் முன்னால் நண்டு ஓடுகள், சுரண்டி எடுத்தாற்போல் சுத்தமாக, ஒரு கைப்பிடி அளவு குவிந்திருந்தன. அது குப்பையல்ல, ஒருவருடைய எச்சில் இலை. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு மணலில் படுத்தேன். புட்டிக்குள் செங்கல் நிறத்தில் ஒரு பேய்க்கணவாய். உடல் ஓர் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதில்லை. கண்ணின் பாவை கிடைக்கோடாக, ஒரு சிறு கீறலைப் போல் இருந்தது. கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருந்த உறிஞ்சிகள் வரிசையாக, உள்ளேயிருந்து அழுத்திய வெள்ளைப் பொத்தான்களாகத் தெரிந்தன. அது மூச்சு விட ஒவ்வொரு முறையும் நீரை வெளித்தள்ளியபோது புட்டியின் வாயிலிருந்த மணல் துகள்கள் எழுந்து அடங்கின. நான் ஒரு விரல் தொலைவு கூடுதலாக நெருங்கியிருப்பேன். செங்கல் நிறம் ஒரு நொடியில் சாம்பல் வெள்ளையாக வெளுத்து, மீண்டும் திட்டுத் திட்டாகச் சிவந்தது. பின்வாங்கினேன். பிறகு ஒரு கை மட்டும் வெளியே வந்து, ஓட்டுக் குவியலிலிருந்து ஒரு சிப்பித் துண்டைத் தடவி எடுத்து, வாசலை அடைத்துக்கொண்டது. இங்கே நீரடிக் குப்பை பொறுக்கும் முக்குளிப்பாளர்கள் எந்தப் புட்டியையும் உள்ளே பார்க்காமல் மேலே எடுத்துச் செல்வதில்லை, காரணம் இதுதான்.

அங்கிருந்து கரையோரப் பாறைகளை நோக்கித் திரும்பினால் கெல்ப் காடு. நமக்குக் கடற்பாசி என்றால் இராமநாதபுரத்துப் பெண்கள் பாறையிலிருந்து பறித்தெடுக்கும் கைப்பிடிப் பாசி நினைவுக்கு வரும். இது அந்த இனத்தின் தென்னை. பற்றுறுப்பு பாறையைக் கவ்வியிருக்க, கயிறு போன்ற தண்டுகள் மேற்பரப்பு வரை எழுந்து, ஒவ்வோர் இலையின் அடியிலும் ஒரு காற்றுக்குமிழோடு நிமிர்ந்து நிற்கின்றன. நீரும் வெளிச்சமும் ஒத்துழைத்தால் ஒரு நாளில் அரை மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. நவம்பரில் முதற்புயல்கள் கூரையைக் கிழித்திருந்தன. இடைவெளிகளின் வழியே வெயில் தூண் தூணாக இறங்கியது. தண்டுகளுக்கு இடையே நீல நிற ராக்ஃபிஷ் கூட்டம் ஒன்று அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. தண்டு ஒன்று சிலிண்டரின் வால்வில் சிக்கும்போது திரும்பித் திரும்பிச் சுற்றிக்கொள்ளாமல் அப்படியே நின்றால், துணைவர் வந்து அதை மடக்கி முறித்துவிடுவார். இழுத்தால் வராது, மடக்கினால் வெண்டைக்காய் போல் ஒடியும்.

இந்தக் காட்டுக்குப் பத்தாண்டுகளாக ஒரு துயரம் உண்டு. 2013 முதல், நட்சத்திர மீன்கள் எனப்படும் உடுமீன்களைக் கரைத்து அழிக்கும் நோய் ஒன்று இந்தக் கரை நெடுகப் பரவியது. இருபதுக்கும் மேற்பட்ட கைகளோடு சைக்கிள் சக்கரம்போல் விரியும் சூரியகாந்தி உடுமீன் ஏறத்தாழ முற்றாக மறைந்தது. நான் முக்குளிக்கத் தொடங்கிய நாளிலிருந்து இங்கே ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஒருவகை விப்ரியோ பாக்டீரியாவே அந்த நோய்க்குக் காரணம் என்று 2025-இல்தான் கண்டறிந்தார்கள். அந்த உடுமீன், கெல்பைத் தின்னும் முள்ளுருண்டைகளான கடல் முள்ளெலிகளைத் தின்னும். அது போனதும், அதே சமயத்தில் வந்த கடல் வெப்ப அலையில் கெல்ப் நலிந்ததும், ஊதாநிற முள்ளெலிகளுக்கு வசதியாயிற்று. வடக்கு கலிபோர்னியாவில் கெல்ப் காடுகளின் பெரும்பகுதி வெறும் பாறையாகிவிட்டது. மான்டரேயில் திட்டுத் திட்டாகக் காடு நிற்கிறதென்றால் அதில் கடல் நீர்நாய்களுக்குப் பங்குண்டு. அவை காட்டுக்குள் இருக்கும் கொழுத்த முள்ளெலிகளைத் தின்கின்றன. வெறும் பாறையில் பட்டினியாய்க் கிடக்கும் முள்ளெலிகளைத் தொடுவதில்லை, உடைத்தாலும் உள்ளே சதை இருக்காது. ஆகவே இருக்கும் காட்டைக் காக்கின்றன, போன காட்டை மீட்பதில்லை.

நாற்பத்தோராம் நிமிடத்தில் காற்றுமானி 1,100 பிஎஸ்ஐ காட்டியது. 3,000-இல் தொடங்கியிருந்தோம். மேலே வரும் வழியில் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பது விதி. தசைகளில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற வேண்டும். அசையாமல் நிற்பதால் குளிர் அதிகம் உறைப்பது அப்போதுதான். அலைதாங்கியின் நுனியில் எப்போதும் படுத்துக் குரைத்துக்கொண்டிருக்கும் கடற்சிங்கங்களின் சத்தம் நீருக்குள்ளும் கேட்கும். அன்று இரண்டாம் நிமிடத்தில் அந்தச் சத்தம் நின்றது. என் இடது தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு பழுப்பு உருவம் தலைகீழாக வந்து, என் மாஸ்குக்கு எதிரே ஒரு முழ தூரத்தில் நின்று, வாய் நிறையக் குமிழிகளை விட்டது. நான் விட்ட குமிழிகளுக்குப் பதிலா, ஏளனமா, தெரியவில்லை. மீசை ரோமங்கள் முன்னோக்கி விரிந்திருந்தன. இளங்கடற்சிங்கம், பெண்கள் தெற்கே தீவுகளில் தங்கிவிட, ஆண்களும் இளசுகளுமே பெரும்பாலும் குளிர்காலத்தில் இங்கே இருக்கின்றன. கடற்பாலூட்டிகளைக் காக்கும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் அவற்றை நெருங்கித் தொந்தரவு செய்யக் கூடாது. அவை நம்மை நெருங்குவதற்குச் சட்டத் தடை ஏதும் இல்லை. துணைவரின் துடுப்புக் காலணியின் நுனியை அது மெல்லக் கவ்விப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை போலும், விட்டுவிட்டுப் போயிற்று. அந்த மூன்று நிமிடத்தில் எனக்குக் குளிர் தெரியவில்லை என்று எழுத ஆசைதான். தெரிந்தது, பற்கள் ரெகுலேட்டரின் ரப்பரைக் கடித்துக் கிடுகிடுத்தன.

மேற்பரப்பில் கரை நோக்கி மல்லாந்து நீந்தும்போது கெல்ப் இலைகளைப் போர்த்திக்கொண்டு ஒரு நீர்நாய் மிதந்தது. மார்பில் ஒரு கல், அதில் ஏதோ சிப்பியை அடித்துக்கொண்டிருந்தது. டக், டக், டக், ஓர் இடைவெளி, மறுபடி டக். தோலுக்காக வேட்டையாடப்பட்டு இந்த மாநிலத்தில் அற்றுப்போனதாகவே கருதப்பட்ட விலங்கு. 1938-இல் இங்கிருந்து தெற்கே பிக்ஸ்பி பாலத்துக்கு அருகில் ஐம்பது போல் எஞ்சியிருந்தது தெரியவந்தது. இன்றைக்குச் சுமார் மூவாயிரம் இருக்கின்றன. சீல்களைப் போல் அதற்குக் கொழுப்புப் படலம் கிடையாது. ஒரு சதுர அங்குலத்தில் பத்து லட்சம் வரை ரோமங்கள், அவற்றுக்கிடையே அடைபட்ட காற்று, அதுதான் அதன் வெட்சூட். அது மட்டும் போதாமல், இந்த நீரில் சூடாக இருக்க ஒவ்வொரு நாளும் தன் எடையில் கால் பங்கு தின்றாக வேண்டும். நாங்கள் ஆண்டுக்கு ஒரு வியாழக்கிழமை செய்வதை அது தினமும் செய்கிறது.

கரையில் வண்டிக் கதவுக்குப் பின்னால் நின்று உடையை உரித்தெடுப்பதற்குள் விரல்கள் மரத்துவிட்டன. ஆனால் இம்முறை கொக்கியை நானே கழற்றினேன். மனைவி ஃபிளாஸ்கில் போட்டுக் கொடுத்த மிளகு ரசத்தை மூடியில் ஊற்றி ஆசிரியரிடம் நீட்டினேன். முதல் ஆண்டில் ஒரு வாய் குடித்து இருமியவர் இப்போது இரண்டு மூடி கேட்டு வாங்குகிறார். மாலைக்கு வீட்டுக்கு வாருங்கள் என்று அழைத்தேன், வந்தார்.

அன்று இரவு, தலையுறையின் விளிம்பு என் கன்னத்தில் போட்டிருந்த சிவப்புக் கோடு இன்னும் மறைந்திருக்கவில்லை. பிரியாணி அண்டாவிலிருந்து கரண்டியை எடுக்கக் குனிந்தேன். முக்குளித்து ஏழெட்டு மணி நேரம் ஆன பிறகும் மூக்கின் உட்குழிவுகளில் தங்கியிருக்கும் கடல்நீருக்கு எப்போது இறங்குவது என்ற விவஸ்தையே கிடையாது. பொலபொலவென்று ஒரு கரண்டி அளவு, நல்ல வேளையாக என் தட்டில், கொட்டிற்று. அந்த வீட்டு அக்கா பதறிப்போய், சளி பிடித்துவிட்டதா, இஞ்சி தட்டிப்போட்டு டீ தரட்டுமா என்று எழுந்தார். மேசையின் அந்தக் கோடியில் ஆசிரியர் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்துத் தன் மூக்கின் கீழே வைத்துக்கொண்டார்.